மிளகாய் மேல் ஏன் பழி?

விடுதியில் எவருக்கேனும் வயிற்றில் புண் என்றதும் நாம் தீர்ப்புக் கூறிவிடுகிறோம்: "காரத்தைக் குறை!" மிளகாய் எரிக்கும், மெய்தான், புண்ணை உண்டாக்குவது அதுவன்று.

குடற்புண் நம் தென்னாட்டின் பழைய பகைவன். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறச் சென்ற சாமர்வெல் என்னும் ஆங்கில மருத்துவர், குமரி மாவட்டத்து நெய்யூரில் இந்நோயாளர் ஏராளமானோருக்கு அறுவை செய்தார். அன்று சந்தேகமெல்லாம் உணவின் மேல்தான். 1982-இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டு வளர்த்தனர். 1984-இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று இரண்டு வார மருந்திலேயே அக்கிருமி பெரும்பாலும் ஒழிகிறது.

மற்றொரு குற்றவாளி நம் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறான். தேர்வுக் காலத் தலைவலிக்கு, மருந்துக் கடையில் அரைகுறை இந்தியில் "தர்த் கி தவா" என்று கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் யாவும் இரைப்பைச் சுவரின் காப்பைக் குலைப்பவை. நாள்தோறும் விழுங்கினால், வலியே காட்டாமல்கூடப் புண்ணிலிருந்து குருதி பெருகலாம். (மதுவால் கல்லீரல் கெட்டவர்க்கு உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிப்பது தனிக் கொடுமை.)

மலம் தார்போல் கறுத்தாலோ, காப்பித்தூள் மண்டிபோல் வாந்தி வந்தாலோ, மோரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த ஊறுகாயை வீசி எறிவதாலும் பயனில்லை. நள்ளிரவானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எந்த மாத்திரையை எத்தனை நாள் விழுங்கினீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.