லாரியில் வரும் படிக்கட்டு

வீடு வாங்குவது பற்றி வானொலியில் பேசினால், நேயர்கள் சமையலறையையும் கார் நிறுத்துமிடத்தையும்தான் கேட்கிறார்கள். படிக்கட்டைக் கேட்டு இதுவரை ஒருவரும் அழைத்ததில்லை.

இப்போது படிக்கட்டையே தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கிப் பொருத்துகிறார்கள். பாகங்களைக் கோத்துக் கட்டுவது பினாங்குக்குப் புதிதல்ல. நம் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடி 1960களில் பிரெஞ்சு முறையில் அப்படி எழுந்ததுதான். ஒன்பது கட்டடங்கள், 3,699 வீடுகள்!

நம் கால் முதலிரண்டு படியிலேயே உயரத்தைப் பழகிக்கொள்ளும். அப்புறம் குனிந்து பார்ப்பதில்லை. ஒரு படி மட்டும் சற்றே உயர்ந்திருந்தால் போதும், இடறிவிடும். படியின் உயரம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிக்கும் அகலம் 255க்குக் குறையக் கூடாது, எல்லாப் படியும் ஒரே அளவு என்று நம் 1984 கட்டட விதிகள் சொல்வது அதனால்தான். ஒரே அச்சில் வார்த்தால் அளவு பிசகுவது குறைவு. மாடியோடு படியும் எழுவதால் கட்டடத் தொழிலாளர்கள் ஏணியில் தொங்கவும் வேண்டாம்.

ஆனால் தளத்தில் பிறகு சிமெண்டு பூசினாலோ ஓடு பதித்தாலோ, முதல் படியும் கடைசிப் படியும் அளவு மாறிவிடும். தொழிற்சாலை அதற்குப் பொறுப்பல்ல.

சாவி வாங்கும் நாளில் தீக்கதவைத் தள்ளித் திறந்து இரண்டு மாடி இறங்கிப் பாருங்கள். மின்தூக்கி பழுதானால் அம்மா இறங்கப்போவது அதில்தான்.