சின்ன டிராக்டர் வாங்கலாமா?

மாலை நேரம். வீட்டுத் திண்ணையில் குடும்பம் கூடி இருக்கிறது. கணவன் கையில் ஒரு வண்ண நோட்டீசு. அதில் ஒரு சின்ன டிராக்டரின் படம்.

"ஏங்க, நமக்கு இருப்பதே மூன்று ஏக்கர். அதற்கு ஒரு டிராக்டரா?" என்கிறாள் மனைவி.

"போன ஆடியில் நல்ல மழை பெய்தது. வாடகை டிராக்டர் எட்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் ஈரம் காய்ந்து போயிற்று. மறந்து விட்டாயா?" என்கிறான் கணவன்.

மூலையில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த பாட்டி தலை நிமிர்கிறாள்.

"ஏர் மாட்டுக்குத் தீனி போட்டோம். அது வைக்கோல் தின்றது. இதற்குத் தவணை அல்லவா தீனி!"

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. யார் சொல்வது சரி? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வரி குறைந்தது

இந்தப் பேச்சு இப்போது சூடு பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. டிராக்டருக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் இருந்த 18 சதவீத வரியும் 5 சதவீதம் ஆயிற்று.

வரி சேர்க்காமல் 5 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக் கொள்வோம். முன்பு அதற்கு வரி 60 ஆயிரம் ரூபாய். இப்போது 25 ஆயிரம் ரூபாய். மிச்சம் 35 ஆயிரம்!

"இதுதான் சமயம்" என்று விற்பனையாளர் சொல்லுகிறார். வாங்குகிறவருக்கும் ஆசை பிறக்கிறது.

நிலம் சுருங்கியது

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வரியை விடப் பெரியது.

1970-71ல் இந்தியாவில் ஒரு விவசாயியிடம் இருந்த நிலம் சராசரி 2.28 ஹெக்டேர். 2015-16 கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேர் ஆகி விட்டது. தமிழ்நாட்டில் இன்னும் குறைவு. வெறும் 0.75 ஹெக்டேர். அதாவது, இரண்டு ஏக்கருக்கும் குறைவு!

அப்பன் நிலம் பிள்ளைகளுக்குப் பிரிகிறது. பிள்ளைகள் நிலம் பேரன்களுக்குப் பிரிகிறது. வரப்பு கூடிக் கொண்டே போகிறது. வயல் சிறுத்துக் கொண்டே போகிறது.

உழவு மாடு பல ஊர்களில் மறைந்து விட்டது. களை எடுக்க ஆள் கிடைப்பது அரிதாகி விட்டது. ஆகவே, சின்ன வயலுக்கு ஏற்ற சின்ன எந்திரம் தேவைப்படுகிறது.

டிராக்டர் நமக்குப் புதியது அல்ல. 1959ல் பரீதாபாத்தில் ஐஷர் கம்பெனி டிராக்டர் செய்யத் தொடங்கியது. 1960ல் சென்னையில் டாபே கம்பெனி பிறந்தது. இன்று உலகிலேயே அதிக எண்ணிக்கையில் டிராக்டர் செய்யும் நாடு இந்தியா.

நாம் ரோட்டில் பார்க்கும் டிராக்டர்களில் பல 40 முதல் 50 குதிரைச் சக்தி உள்ளவை. சின்ன டிராக்டர் என்பது 30 குதிரைச் சக்திக்கு உட்பட்டது. அதிலும் மிகச் சிறியவை உண்டு. 2021ல் வெளிவந்த சுவராஜ் கோட் என்ற டிராக்டரின் சக்தி 11தான். அகலம் சுமார் மூன்று அடி. காய்கறிப் பாத்திக்கும் பழத் தோட்டத்துக்கும் நடுவே புகுந்து போகும்.

தீனிக் கணக்கு

சரி, மூன்று ஏக்கர் குடும்பம் சின்ன டிராக்டர் வாங்கினால் என்ன ஆகும்? ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பார்த்துக் கொள்ளலாம்.

டிராக்டர், ரோட்டவேட்டர், கலப்பை எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பத்து ஆண்டுகள் உழைத்த பிறகு 60 ஆயிரத்துக்கு விலை போகும் என்று கொள்வோம். அப்படியானால் ஆண்டுதோறும் தேய்மானம் 54 ஆயிரம் ரூபாய்.

வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொண்டால், சராசரி ஆண்டுக்கு 33 ஆயிரம் ரூபாய். இன்சூரன்சு, ரிப்பேர், ஆயில், டயர் ஆகியவற்றுக்கு 23 ஆயிரம் ரூபாய் என்று கொள்வோம்.

ஆக மொத்தம் ஆண்டுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். நாள் ஒன்றுக்கு 300 ரூபாய்!

டிராக்டர் வயலில் ஓடினாலும் இந்த 300 ரூபாய் செலவு. கொட்டகையில் தூங்கினாலும் இந்த 300 ரூபாய் செலவு. பாட்டி சொன்ன தீனி இதுதான். வரி குறைந்ததால் மிச்சமான 35 ஆயிரம் ரூபாய், நான்கு மாதத் தீனிக்குக்கூடக் காணாது.

எத்தனை மணி நேரம்?

இப்போது வேலையைக் கணக்கிடுவோம். ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு எட்டு மணி நேரம் டிராக்டர் ஓட வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். மூன்று ஏக்கர், இரண்டு போகம். மொத்தம் 48 மணி நேரம்.

வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றால், 48 மணிக்கு 48 ஆயிரம் ரூபாய்.

சொந்த டிராக்டர் என்றால், தீனிச் செலவு 1 லட்சத்து 10 ஆயிரம். மணிக்கு 300 ரூபாய் வீதம் டீசல் 14,400 ரூபாய். மொத்தம் 1 லட்சத்து 24 ஆயிரத்து 400 ரூபாய்.

வித்தியாசம் 76,400 ரூபாய். அவ்வளவும் நஷ்டம்!

அப்படியானால் கணவன் சொன்னது தவறா? இல்லை. வாடகை டிராக்டர் எட்டு நாள் பிந்தி வந்தால் விதைப்பு பிந்தும். விளைச்சல் குறையும். சொந்த எந்திரம் இருந்தால் ஈரம் இருக்கும்போதே உழலாம். அதற்கு நிச்சயம் மதிப்பு உண்டு. ஆனால், அந்த மதிப்பு எவ்வளவு? தாமதத்தால் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம் வருமானால்தான், இந்தக் குடும்பம் டிராக்டர் வாங்குவது சரி.

இதே மாதிரிக் கணக்கில், ஆண்டுக்கு 160 மணி நேரம் வேலை இருந்தால் வாடகையும் சொந்தமும் ஏறக்குறைய சமம். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மணியும் லாபம். 300 மணி நேரம் ஓடினால், வாடகையை விட 1 லட்சம் ரூபாய் மிச்சம்.

ஆகவே, "எத்தனை ஏக்கர்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை மணி நேரம்?" என்று கேட்க வேண்டும்.

தென்னை, வாழை, கரும்பு, மஞ்சள், பழத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். வரிசைக்கு நடுவே களை ஓட்டலாம். மருந்து தெளிக்கலாம். எரு ஏற்றிப் போகலாம். பெரிய டிராக்டர் அங்கே நுழைய முடியாது. அவர்களுக்குச் சின்ன டிராக்டர் ஏற்றது. நெல் அல்லது மணிலாக் கொட்டை மட்டும் போடுகிற மூன்று ஏக்கர்காரருக்கு அவ்வளவு வேலை இராது.

கூட்டுச் சேரலாம்

"அப்படியானால் எங்களைப் போன்றவர்களுக்கு வழியே இல்லையா?" என்று மனைவி கேட்கலாம். வழி இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு டிராக்டர் வாங்கலாம். ஆளுக்கு மூன்று ஏக்கர் என்றால் 15 ஏக்கர். வேலை 240 மணி நேரம். மேலே சொன்ன கணக்குப்படி வாடகையை விட 58 ஆயிரம் ரூபாய் மிச்சம். ஆளுக்கு 11,600 ரூபாய்!

ஆனால், மழை பெய்த மறுநாள் ஐந்து பேருக்கும் டிராக்டர் வேண்டும். அங்கேதான் சண்டை பிறக்கும். ஆகவே முதலிலேயே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். இந்த ஆண்டு முதலில் உழுதவர் அடுத்த ஆண்டு கடைசி. ஓடிய நேரத்தை அன்றன்றே நோட்டில் எழுத வேண்டும். ஓட்டுகிறவர் ஒருவராகவே இருப்பது நல்லது. பல கை பட்டால் எந்திரம் சீக்கிரம் கெடும்.

அரசாங்கமும் வாடகைக்கு எந்திரம் தருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையிடம் டிராக்டர்கள் உண்டு. "இ-வாடகை" என்ற செல்போன் செயலி மூலம் பதிவு செய்யலாம். பிள்ளைகளிடம் சொன்னால் செய்து கொடுப்பார்கள். விதைப்புக் காலத்தில் கூட்டம் இருக்கும். ஆகவே முன்கூட்டியே பதிவு செய்வது நலம். பவர் டில்லர் போன்ற கருவிகள் வாங்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு மானியம் உண்டா என்பதையும் அந்த அலுவலகத்திலேயே கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

வாங்குவதானால்...

கணக்குப் போட்டுப் பார்த்து, "வாங்கலாம்" என்று முடிவு செய்து விட்டீர்களா? அப்படியானால் கவனிக்க வேண்டியவை இவை:

குதிரைச் சக்தியில் இரண்டு உண்டு. ஒன்று, எஞ்சினின் சக்தி. மற்றது, வண்டியின் பின்னால் சுழலும் தண்டில் கிடைக்கும் சக்தி. இதை பி.டி.ஓ. என்பார்கள். ரோட்டவேட்டரைச் சுழற்றுவது இந்தத் தண்டுதான். இதில் கிடைக்கும் சக்தி எஞ்சின் சக்தியை விடக் குறைவாகவே இருக்கும். எஞ்சின் சக்தியை மட்டும் கேட்டு ஏமாறக் கூடாது. பி.டி.ஓ. சக்தி எவ்வளவு என்று கேளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசாங்கத்தின் பண்ணை எந்திரச் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே டிராக்டரைச் சோதித்து, சக்தி எவ்வளவு, டீசல் எவ்வளவு செலவாகிறது என்று அறிக்கை கொடுக்கிறார்கள். அந்த அறிக்கையைக் காட்டும்படி விற்பனையாளரிடம் கேளுங்கள்.

உங்கள் மண்ணில் ஓட்டிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் எல்லா டிராக்டரும் நன்றாகத்தான் ஓடும். இறுகிய கரிசலில் எடை குறைந்த வண்டி திணறும். சேற்று வயலில் சக்கரம் புதையும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சேற்றுக்கு நல்லது. ஆனால், விலை அதிகம்.

வரிசையின் அகலத்தை அளந்து கொண்டு போங்கள். வண்டியோடு ரோட்டவேட்டரின் அகலத்தையும் பாருங்கள்.

மெக்கானிக் எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறார்? உதிரிச் சாமான் பக்கத்து டவுனில் கிடைக்குமா? உழவுக் காலத்தில் பத்து நாள் வண்டி நின்று போனால், வாங்கியதே வீண்.

பழைய வண்டி வாங்குவதானால், ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். அதில் பழைய கடன் பதிவாகி இருக்கிறதா என்று கேளுங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. சுழலும் தண்டுக்கு மூடி இருக்க வேண்டும். சேலைத் தலைப்போ, வேட்டி நுனியோ அதில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்துப் போவதும் கூடாது.

கையெழுத்துக்கு முன்

2016 மார்ச் மாதம். தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துச் சென்றார்கள். அந்தக் காட்சி செல்போனில் படமாகி, தொலைக்காட்சியில் நாடெங்கும் ஓடியது. பார்த்தவர்கள் பதறினார்கள்.

கடன் வசூலுக்கு முறை உண்டு. காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்து பாக்கி கேட்கக் கூடாது என்று, 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மிரட்டக் கூடாது என்றும் சொன்னது.

ஆனாலும், பிறகு சட்டம் பேசுவதை விட, முன்பே கேள்வி கேட்பது மேல். அடமானம் டிராக்டர் மட்டுமா, நிலமும் சேர்த்தா? மொத்த வட்டி எவ்வளவு? அறுவடை முடிந்த பிறகு கட்டும்படி தவணை வைக்க முடியுமா? ஒரு போகம் பொய்த்தால் என்ன செய்வது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பத்திரத்தில் என்ன எழுதி இருக்கிறது என்பதைப் படித்த பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மனைவியும் உடன் இருந்து கேட்கட்டும். தவணைக்குப் பணம் இல்லாத மாதத்தில் அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் அவள் நகைதானே!

நோட்டு சொல்லும்

அவசரம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இந்த ஒரு போகம் முழுவதும் உங்கள் நிலத்தில் டிராக்டர் ஓடிய நேரத்தை எழுதுங்கள். எவ்வளவு வாடகை கொடுத்தீர்கள், எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அறுவடை முடிந்த பிறகு, திண்ணையில் குடும்பத்தோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள்.

நேரம் போதிய அளவு வந்தால், துணிந்து வாங்குங்கள். வரவில்லை என்றால், அந்த நோட்டை எடுத்துக் கொண்டு பக்கத்து வயல்காரர் வீட்டுக்குப் போங்கள். அவரும் இதே யோசனையில்தான் இருப்பார்!