பரிதாபம் எதற்கு? வழியை விடுங்கள்!

கால் இழந்தவர் பனிக்கட்டியின் மேல் பாய்ந்து செல்ல முடியுமா?

முடியும். பாய்வது மட்டும் அல்ல. மோதுகிறார், விழுகிறார், எழுகிறார், கோலும் போடுகிறார்!

ஐஸ் ஆக்கி என்பது குளிர் நாடுகளின் ஆட்டம். நம் ஊரில் தரையில் ஆடும் ஆக்கியை அவர்கள் பனிக்கட்டியின் மேல் ஆடுகிறார்கள். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. காலில் கத்தி போன்ற தகடு வைத்த சறுக்குக் காலணி.

"நிற்கவே முடியாதவருக்கு இதில் என்ன வேலை?" என்றுதான் யாரும் கேட்பார்கள். சுவீடன் நாட்டில் சிலர் அப்படிக் கேட்கவில்லை.

நோயாளிகளின் வேலை

1960-களின் தொடக்கம். சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரு மறுவாழ்வு நிலையம். உடல் ஊனமுற்ற சிலர் அங்கே இருந்தார்கள். ஐஸ் ஆக்கியை மறக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? உலோகச் சட்டத்தில் ஒரு சறுக்கு வண்டி செய்தார்கள். சறுக்குக் காலணியில் இருக்கும் தகடுகள் இரண்டை அதன் அடியில் பொருத்தினார்கள். ரப்பர் வட்டு வண்டிக்குக் கீழே புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி விட்டார்கள். உருண்டைக் கம்புகளில் சைக்கிள் கைப்பிடியை மாட்டினார்கள். மட்டை தயார்! நகருக்குத் தெற்கே உறைந்து கிடந்த ஏரியில் ஆட்டம் தொடங்கியது. கோல் காக்க ஆள் கூடக் கிடையாது.

கவனியுங்கள். எந்தத் தர்மப் பிரபுவும் இரக்கப்பட்டுக் கொடுத்த விளையாட்டு அல்ல இது. ஆட வேண்டியவர்களே யோசித்துச் செய்தது. அதனால்தான் நிலைத்தது என்பது என் எண்ணம்.

இப்போதும் வண்டியின் அமைப்பு ஏறக்குறைய அதுதான். இருக்கையில் வார் போட்டு உடலைக் கட்டிக்கொள்கிறார்கள். கைக்கு ஒன்றாக இரண்டு சிறிய மட்டைகள். ஒரு முனையில் கூரிய பற்கள். அதைப் பனியில் குத்தி உந்தினால் வண்டி பறக்கும். மறு முனை வட்டை அடிக்க. உந்துவதும் கைதான், அடிப்பதும் கைதான். பதினைந்து நிமிடம் வீதம் மூன்று சுற்று ஆட வேண்டும். எத்தனை பயில்வான்களால் முடியும்?

"ஏற்கெனவே துன்பப்பட்டவர்கள். இவர்களை மோத விடலாமா?" என்று இரக்கத்தோடு கேட்பவர்கள் உண்டு. மோதல் இந்த ஆட்டத்தில் அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் வண்டியின் முன்பக்கத்தால் எதிரியின் விலாவில் இடித்தால் தண்டனை. முகத்துக்குக் கம்பி வலையோடு தலைக்கவசம் உண்டு. மற்றவர்கள் அடிபட்டு விளையாடினால் வீரம். இவர்கள் விளையாடினால் மட்டும் பாவமா? தன் உடலுக்கு எவ்வளவு ஆபத்து ஏற்கலாம் என்பதை அவரவர் முடிவு செய்யட்டும்.

1969-ல் ஸ்டாக்ஹோமில் ஐந்து அணிகள் போட்டி போட்டன. கால் நன்றாக உள்ளவர்களும் அவற்றில் சேர்ந்து ஆடினார்கள். எல்லோரும் வண்டியில் உட்கார்ந்தபின் யார் ஊனமுற்றவர்? அதே ஆண்டு நார்வே நாட்டின் ஆஸ்லோ நகர அணி வந்து அவர்களுடன் மோதியது.

1994-ல் நார்வேயில், லில்லிஹாமரில் நடந்த குளிர்காலப் பாராலிம்பிக்கில் பதக்கப் போட்டியாகச் சேர்த்தார்கள். தங்கம் வென்றது சுவீடன். 2010 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு முறை அமெரிக்கா வென்றது. பெண்களுக்கென்று உலகப் போட்டி 2025-ல்தான் வந்தது. இவ்வளவு தாமதம் ஏன்?

வாசற்படி

பெரிய தடை பனியும் அல்ல, காலும் அல்ல. ஒரு வாசற்படி!

சாதாரண ஐஸ் அரங்கில், வீரர்கள் உட்காரும் இடத்துக்கு ஒரு படி ஏற வேண்டும். வண்டி எப்படி ஏறும்? மாற்று வீரர்கள் பனியிலேயே ஓரமாகக் காத்திருக்க வேண்டியதுதான். படியை எடுத்துவிட்டு, தரையைப் பனியோடு சமமாக்கி, மரத் தடுப்புக்குப் பதில் ஊடுருவிப் பார்க்கும் தடுப்பு வைத்தால் போதும். உள்ளே சறுக்கிப் போகலாம். உட்கார்ந்தபடியே ஆட்டத்தையும் பார்க்கலாம்.

கட்டிய பிறகு இடிப்பது எதற்கு? ஐஸ் அரங்கம் கட்டும் நாட்டார், வரைபடத்திலேயே அந்தப் படியை அடித்துவிடட்டும்.