டோல்கிக்கு ஒரு மாலை வேண்டும்

புனே மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

இந்நகரில் குடியேறி வாழும் தமிழர்களில் நானும் ஒருவன். பாலகந்தர்வ ரங்கமந்திர் நாடக அரங்கு உங்கள் பொறுப்பில் இருக்கிறது. கோத்ரூடில் உள்ள யஷ்வந்த்ராவ் சவாண் நாட்டியகிருகமும் அப்படியே. இவற்றில் ஒன்றை மாதத்தில் ஒரு மாலை, வாடகை இல்லாமல், மராத்தி ஆட்டப்பாட்டான லாவணியும் வீரக் கதைப்பாடலான போவாடாவும் பயிலும் இளையவர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். இதையே மராத்தியிலும் எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

தமிழனுக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றலாம். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் லாவணி எங்கள் பக்கம் வந்தது. காமன் பண்டிகையில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறுகட்சியும் டேப் என்ற தோற்கருவியும் ஒற்றை நரம்புத் துந்தினாவும் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடிய ஊர்கள் தஞ்சை வட்டாரத்தில் உண்டு. அதே துந்தினா இங்கே துண்துணே என்ற பெயரில் மேடையில் நிற்கும்போது, அது எனக்கு வேற்றூர்க் கருவியாகத் தெரிவதில்லை.

லாவணி எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாட்டும் ஆட்டமுமான சங்கீத் பாரி நிகழ்ச்சியில் ஆடுபவளின் கால் எங்கே நிற்கும் என்று, டோல்கி என்ற முழவை வாசிக்கும் டோல்கிக்காரர் கண் வைத்திருப்பார். அவர் கை எங்கே திரும்பும் என்று அவள் காது வைத்திருப்பாள். ஒரே அடியை நான்கு முறை பாடினால் நான்கு பொருள் வரும். உட்கார்ந்தபடி கண்ணாலும் விரலாலும் பொருள் சொல்லும் பைட்டகச்சி லாவணிக்கு இந்தப் பேச்சுவார்த்தைதான் உயிர். இன்று பல மேடைகளில் பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறார்கள். ஆடும் பெண் அடவுகளைக் கற்றுக்கொள்கிறாள், பாடக் கற்பதில்லை. டோல்கிக்காரருக்கு வேலையே இல்லை. அவரிடமிருந்து கற்க வேண்டிய பையனுக்கு ஆசிரியரும் இல்லாமல் போகிறார்.

பழைய பேட்டைப் பகுதியின் ஆர்யபூஷண் தமாஷா தியேட்டர், சோலாப்பூர் சாலையில் சௌபுலாவின் கலா கேந்திராக்கள், லாவணி இடம்பெறும் தமாஷா நாடகக் குழுக்கள் கூடாரம் போட்டு ஜாத்ரா என்னும் ஊர்த் திருவிழாக்களுக்கு ஒப்பந்தம் பேசும் நாராயண்காவ் ஆகியவைதான் இந்தக் கலையின் பள்ளிக்கூடங்களாக இருந்துவந்தன. அங்கே கற்றவர்கள் பெரும்பாலும் கோல்ஹாட்டி, மாங், மகார் சமூகத்தினர். கலையை ரசித்த ஊர், கலைஞரைத் தள்ளியே வைத்தது. இரு முறை குடியரசுத் தலைவர் விருது பெற்ற தமாஷாக் கலைஞர் விட்டாபாய் நாராயண்காவ்கர் வறுமையில்தான் 2002-இல் மறைந்தார். 2006-இல் அவர் பெயரிலேயே மாநில அரசு வாழ்நாள் சாதனை விருதை ஏற்படுத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் முதன்முதலாக மேடை ஏறும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதனால் என்ன கிடைக்கும்?

2020-இல் மராத்திப் புத்தாண்டான குடீ பாட்வா மார்ச் 25 அன்று வந்தது. கொரோனாவால் நாடடங்கு தொடங்கியதும் அதே நாளில்தான். அந்தப் பருவத்து ஜாத்ரா வருமானம் முழுக்கப் போயிற்று. அடுத்த ஆண்டும் நிலைமை சரியாகவில்லை. அப்படி ஓர் இடைவெளியில் வேறு பிழைப்புக்குப் போன இளையவர்களைத் திரும்ப அழைக்க மேடை வேண்டாமா?

எங்கள் பக்கம் திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் தெருக்கூத்தை ஒரு குடும்பமே தலைமுறைகளாகக் காத்து, வெளியாட்களுக்கும் கற்றுத் தருகிறது. ஆண்டுதோறும் அங்கே கூத்து விழா நடக்கிறது. 2025-இல் அந்தக் குடும்பத்தின் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தச் சிற்றூரோடு ஒப்பிட்டால் புனேயின் வசதி எவ்வளவு பெரியது! சிவாஜியைப் பற்றி 1869-இல் ஜோதிராவ் புலே போவாடா எழுதிய நகரம் இது.

கேட்பது அதிகமில்லை. அந்த மாலையில் பதிவுப் பாட்டு கூடாது. டோல்கி, துண்துணே, ஹல்கிப் பறை, ஆர்மோனியப் பெட்டி எல்லாம் நேரில் ஒலிக்க வேண்டும். பக்கவாத்தியக்காரர்களுக்கான ஊதியத்தை மாநகராட்சி ஏற்க வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கற்கும் பிள்ளையால் அதைக் கொடுக்க முடியாது. நிகழ்ச்சி நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடியட்டும். மகளை அனுப்பத் தயங்கும் தாய்மார்களும் முன்வரிசையில் வந்து உட்காரட்டும். யார் ஆடுவது, யார் பாடுவது என்பதை அதிகாரிகள் அல்ல, மூத்த லாவணிக் கலைஞர்களும் போவாடா பாடும் ஷாஹிர்களும் முடிவுசெய்யட்டும். பாலகந்தர்வ ரங்கமந்திரை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு சில ஆண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. எது கட்டினாலும், அதில் நாட்டார் கலைக்கென ஒரு பயிற்சி அறை இருக்கட்டும்.

மழைக்காலத்தில் தமாஷாக் குழுக்கள் ஊர் சுற்றுவதில்லை. ஆசான்கள் ஓய்வாக இருப்பது அப்போதுதான். ரங்கமந்திர் 1968-இல் திறக்கப்பட்ட நாளான ஜூன் 26-உம் அந்தக் காலத்தில்தான் வருகிறது. வரும் ஜூன் 26 அன்று முதல் மாலையை நடத்த உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
புனே வாழ் தமிழன் ஒருவன்