லைக் போடுமுன் ஒரு கேள்வி



வேலை தேடும் வயதில் உள்ள உங்களில் அநேகர் லிங்க்ட்இன்னில் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அங்கே அடிக்கடி வரும் ஒரு வகைப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வரி, இடைவெளி, மறுபடி ஒரு வரி. ‘தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் மனிதநேயத்தை மறக்கக்கூடாது’ என்று முடியும். கீழே ஏராளமான கைதட்டல்கள்.

சொன்னதில் பிழை எதுவும் இல்லை. என் குறையே அதுதான். யாராலும் மறுக்க முடியாத பேச்சு யாரையும் எதுவும் செய்யச் சொல்வதில்லை. எந்தக் கருவி, அதனால் யாருக்கு என்ன பாதிப்பு, அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு என்ற விவரம் அதில் இராது.

நான் இங்கிலாந்தில் வார்டில் வேலை செய்யும் நர்ஸ். எனக்குத் தெரிந்த ஒரு கருவியைச் சொல்கிறேன். விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை கோவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கி வைத்திருந்தோம். அது தோலினூடே ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. தோல் கருமையாக இருந்தால், சில வேளைகளில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோது, ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். இது புதிய செய்தியும் அல்ல. 1990லேயே மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். 2024 மார்ச்சில் பிரிட்டனில் வெளியான சுயாதீன ஆய்வறிக்கையும் இந்தக் குறையைப் பேசியது. இடையில் 30 ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன.

‘மனிதநேயத்தை மறவோம்’ என்ற பதிவு அந்த நோயாளிக்கு என்ன செய்யும்? அவருக்கு உதவுவது, ஒரு நிமிடம் முழுவதும் பக்கத்தில் நின்று மூச்சை எண்ணும் நர்ஸ். எண் நன்றாக இருந்தாலும் ஆள் சோர்ந்திருப்பதைக் கவனித்து, ரத்தத்தைச் சோதிக்கும்படி டாக்டரிடம் கேட்பவர். அதற்கு வார்டில் போதிய ஆட்கள் வேண்டும். ஆள் போடப் பணம் வேண்டும். பேச்சு இங்கே வந்தவுடன் கைதட்டல் குறைந்துவிடும்.

நல்ல வார்த்தை பரவினால் என்ன தீமை என்று கேட்பீர்கள். லைக் போட்டவுடன் நம் பங்கைச் செய்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடுகிறது. கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

நம் சபை வாலிபர்களில் கம்ப்யூட்டரும் பொறியியலும் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். நாளை மருத்துவக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதப் போகிறவர்களும் உங்களில் இருக்கலாம். வேலையிடத்தில் இதைக் கேளுங்கள்: இதை யார் யாரிடம் சோதித்தீர்கள்? தவறாகக் காட்டினால் முதலில் பாதிக்கப்படுவது யார்? அதை யார் கண்டுபிடிப்பார்?

பதில் கிடைத்தால் அதைப் பதிவாகப் போடுங்கள். நான் கட்டாயம் வாசிப்பேன்.