மிச்சமிருக்கும் சோலைக்கு யார் காவல்?

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குள் நுழைகிறவர் கண்ணுக்கு எல்லாமே பச்சைதான். தேயிலையும் பச்சை, அதன் நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் சோலையும் பச்சை. ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் மழைக்காடு என்று சொல்ல மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 40 துண்டுகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் பரம்பிக்குளமும் இருக்கின்றன. ஆனால் இந்தத் துண்டுகளில் பல வனத்துறையிடம் இல்லை. தோட்டக் கம்பெனிகளின் கையில் இருக்கின்றன.

1890-களில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் மலையேறிய பிறகு பாதை வந்தது, கோடரி வந்தது, காப்பி வந்தது, பிறகு தேயிலை. கொழுந்து பறிக்கச் சமவெளியிலிருந்து கங்காணிகள் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். பயிருக்கு ஒத்துவராத சரிவும் ஓடைக்கரையும் வெட்டுக்குத் தப்பின. கதை அதோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வெட்டு நின்ற பிறகு தொடங்குவது இரண்டாவது அழிவு. திறந்த ஓரத்தில் வெயிலும் காற்றும் பாய, பெருமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. பிரேசிலில் மனாஸ் நகருக்கு அருகே 1, 10, 100 ஹெக்டேர் காட்டுத் துண்டுகளை 1979 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு காட்டியதும் இதைத்தான். இங்கே ஓரத்தில் உண்ணிச்செடி படர்கிறது, தோட்டத்து ரோபஸ்டா காப்பி சோலைக்குள் முளைக்கிறது, விறகுக்குப் போன கால்கள் ஒரு தடம் போடுகின்றன.

அந்தத் தடத்தில்தான் வேட்டைக் கண்ணியும் போகிறது. பெருங்காட்டில் வேட்டைக்கு ஒரு பகல் நடக்க வேண்டும். துண்டுக் காடோ தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. பெருங்காட்டில் ஒரு மிளா செத்தால் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து சேரும். தேயிலைக்கு நடுவே தனித்துப்போன சோலையில் சருகுமானோ மலையணிலோ ஒழிந்தால் எங்கிருந்து வரும்? லேகியத்துக்காகக் கருமந்தியைச் சுட்ட பழக்கத்தை 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பெரிதும் அடக்கியது, வேரோடு பிடுங்கிவிடவில்லை. கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய விதைகளை விழுங்கித் தொலைவில் போடுவது இருவாச்சி. அது போய்விட்டால் அந்த விதைகள் தாய்மரத்தின் அடியிலேயே கிடந்து மக்கும். விலங்கில்லாமல் மரம் மட்டும் நிற்கும் இந்த நிலையைத்தான் கென்ட் ரெட்ஃபோர்ட் 1992-ல் 'வெற்றுக் காடு' என்றார்.

கண்ணி வைத்தவனைப் பிடிப்பது சுலபம், அவன் ஏழை. காட்டைச் சதுர மைல் கணக்கில் வெட்டித் தோட்டம் போட்ட மார்ஷுக்கோ மலையில் சிலையே இருக்கிறது. கண்ணியை நியாயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. குற்றத்தைக் கடைசிக் கையின் மேல் மட்டும் சுமத்திவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறோம். ரகசியமாகப் பரிமாறப்படும் காட்டிறைச்சியைத் தேடிவந்து தின்கிறவர், சிங்கவால் குரங்குக்கு காருக்குள்ளிருந்து சிப்ஸ் நீட்டுகிறவர், அது சாலையில் இறங்கப் பழகியபின் வளைவில் வேகம் குறைக்காதவர், எல்லோருக்கும் இதில் பங்குண்டு. வால்பாறையின் புதுத்தோட்டத்தில் இந்தக் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்ட வேண்டியிருந்தது. மரக்கிளையை விட்டுத் தரைக்கு வரத் தயங்கும் இனம் அது!

தோட்ட நிர்வாகங்கள் தங்கள் எல்லைக்குள் நிற்கும் சோலையைத் தரிசு என்று கணக்கெழுதுவதை நிறுத்த வேண்டும். நிழலுக்கு சில்வர் ஓக் மட்டுமே நடாமல் மண்ணின் மரங்களையும் இடையே நட்டால், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே பறவையும் அணிலும் கடக்க ஒரு வழி கிடைக்கும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு சில கம்பெனிகளின் இசைவோடு சீரழிந்த சோலைகளில் நாட்டு மரக்கன்றுகளை நட்டு மீட்டுவருகிறது, நடக்கக்கூடிய காரியம்தான். அரசு, விறகுக்கு மாற்றாக எரிவாயு சிலிண்டரை லைன் வீடுவரை ஒழுங்காகக் கொண்டுசேர்க்காமல் விறகு பொறுக்குகிறவரிடம் அபராதம் கேட்பது நியாயமாகாது. இங்குள்ள பழங்குடிகளான காடர்களைவிட இந்தக் காட்டின் பழமும் தடமும் அறிந்தவர் யாருமில்லை. அவர்களைத் தற்காலிகக் காவல் கூலியாக மட்டும் வைத்திருப்பது நமக்கே நட்டம்.

சோலையைக் காப்பதில் தொழிலாளிக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் யானையைப் பார்க்கட்டும். பகலில் யானைக் கூட்டம் ஒதுங்கி நிற்பது இந்தத் துண்டுகளிலும் ஓடைக்கரை மரங்களிலும்தான். அதையும் வெட்டிவிட்டால் கொழுந்து பறிக்கும் நிரைக்கு நடுவே வந்து நிற்கும். இருட்டில் எதிர்பாராமல் யானை எதிரே வந்துதான் இங்கே பல உயிர்கள் போயின. அதைத் தவிர்க்க அதே பவுண்டேஷனைச் சேர்ந்த ஆனந்த குமாரும் குழுவினரும் யானை இருக்குமிடத்தை உள்ளூர்க் கேபிள் டிவியிலும் குறுஞ்செய்தியிலும் சொல்லத் தொடங்கினார்கள். முக்கிய இடங்களில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். 2015-ல் ஆனந்த குமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. அந்த விளக்கை எரியவைப்பவர்கள் யானையைக் கண்ட உள்ளூர்க்காரர்கள், தங்கள் கைபேசியிலிருந்து. அதே கைபேசியிலிருந்து, சோலை ஓரத்தில் கண்ணியைப் பார்த்ததும் வனச்சரக அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு போகட்டும்.