“சும்மா ஒன்னு வரைஞ்சு கொடு”

தீபாவளி நெருங்கினால் ரந்தாவ் வட்டாரத்தில் வரையத் தெரிந்த பிள்ளைகளுக்கு வேலை கூடிவிடும். காசு மட்டும் கூடாது. பள்ளி மண்டபத்தில் கோலம், ஆலயத் திருவிழாவுக்குப் பதாகை, அக்காள் நிச்சயதார்த்தத்துக்கு மேடைப் பின்னணி, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மணிவிழாவுக்கு உருவப்படம். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்தான்: “உனக்குத்தான் நல்லா வரைய வருமே, சும்மா ஒன்னு வரைஞ்சு கொடு.”

அதே விழாவில் கூடாரத்துக்கு வாடகை உண்டு. நாற்காலிக்கு உண்டு. ஒலிபெருக்கிக்கு உண்டு. சாப்பாடு எடுத்து வருபவரிடம் யாரும், “உங்களுக்குத்தான் நல்லா சமைக்க வருமே” என்று சொல்வதில்லை.

இதைக் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. தோட்டத்து லயங்களில் ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் ஊரே பந்தல் போட்டது, ஊரே சமைத்தது. இன்று நீ என் வீட்டுக்கு வா, நாளை நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்பதே கணக்கு. அந்த உலகில் ஓவியமும் அப்படித்தான் கைமாறியது. பிறகு தோட்டத்தை விட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பந்தல் வாடகைக் கூடாரமானது, கூட்டுச் சமையல் கேட்டரிங் ஆனது. ஒவ்வொன்றுக்கும் விலை வந்தது. வரைபவரின் உழைப்பு மட்டும் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. பதிலுக்கு வந்து பந்தல் போட்டுத் தர இன்று யாரும் இல்லை என்பதை நாம் கவனிக்கவில்லை.

இதன் விலையை எஸ்.பி.எம். முடித்த மாணவர்கள்தான் கொடுக்கிறார்கள். “ஓவியம் சோறு போடுமா?” என்று வீட்டில் கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தக் கேள்வியை நான் குறை சொல்லமாட்டேன். நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பாலை எடைபோட்டுத்தான் சம்பளம் வாங்கினார்கள். உழைப்பை எண்ணிப் பார்த்தே வாழ்ந்த குடும்பங்கள் எண்ணிக்கையில்தான் பதில் கேட்கும். “எனக்கு ஆர்வம் இருக்கிறது” என்பது அவர்களுக்குப் பதில் ஆகாது.

சரி, எண்ணிக்கையில் பேசுவோம். ஏ3 அளவில் ஓர் உருவப்படம் வரைய 12 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள், பென்சில், சட்டம் எல்லாம் சேர்த்து 40 வெள்ளி. இன்ஸ்டாகிராமில் நம் வயதுப் பிள்ளைகள் பலர் இதை 60 வெள்ளிக்குத் தருகிறார்கள். மிச்சம் 20 வெள்ளி. ஒரு மணி நேரத்துக்கு 1 வெள்ளி 67 சென். நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 17 சென். அந்த அடிமட்ட ஊதியத்தையே நமக்கு நாம் கொடுத்துக்கொண்டாலும் இந்தப் படத்தின் விலை 138 வெள்ளி. அதில் பல ஆண்டுப் பயிற்சிக்கு ஒரு சென்கூடச் சேர்க்கவில்லை. 60 வெள்ளிக்கு விற்பவர் தன்னை மட்டும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. 138 கேட்கும் இன்னொருவரைப் பேராசைக்காரர் ஆக்கிவிடுகிறார்.

ஆனால் 138 வெள்ளி கொடுத்துப் படம் வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. இதே கேள்வி 1960-களில் மதராஸிலும் இருந்தது. அங்கே அரசு ஓவியப் பள்ளியில் படித்து வெளிவந்தவர்களின் ஓவியங்களை வாங்க ஆள் குறைவு. பலர் கிடைத்த வேலைக்குப் போனார்கள், வரைவது நின்றுபோனது. பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் வேறு வழி கண்டார்கள். ஓவியம் விற்காவிட்டால் என்ன, கைவினைப் பொருள் விற்கும் என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பாத்தேக் துணி செய்து விற்றார்கள். ஆம், நம் ஊர்ப் பேரங்காடிகளில் தொங்கும் அதே பாத்தேக்தான். அதில் சேர்ந்த பணத்தைக் கொண்டு மதராஸுக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அரசு கட்டிக்கொடுத்த கிராமம் அல்ல அது, ஓவியர்களே கட்டிக்கொண்டது. இன்றும் அங்கே காட்சிக்கூடம் இருக்கிறது, ஓவியர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் பாத்தேக்கை ‘தரம் தாழ்ந்த வேலை’ என்று ஒதுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. காலையில் விற்கிற பொருள், மாலையில் விற்காத ஓவியத்துக்குச் சோறு போட்டது. நம் பல்கலைக்கழக வட்டத்தில் இன்னும் சிலருக்குச் சாவிக்கொத்து, ஒட்டுப்படம், வாழ்த்து அட்டை விற்பது கௌரவக் குறைச்சல். எனக்குப் புரியவில்லை. ஒரே ஓவியத்தை 138 வெள்ளிக்கு ஒருவரிடம் விற்கலாம். அதையே அட்டையாக அச்சிட்டு 5 வெள்ளிக்கு ஐம்பது பேரிடமும் விற்கலாம். இரண்டாவது வழியில் நம் பெயர் ஐம்பது வீடுகளுக்குப் போகிறது.

பெயர் என்றதும் இன்னொன்று. தோட்டத்து வீடுகளின் சாமி மேடையில் தொங்கிய சிவகாசி நாள்காட்டிப் படங்களை நினைத்துப் பாருங்கள். முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம். அந்த முகங்களில் பலவற்றை வரைந்தவர் சி. கொண்டையராஜு, 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து பிழைத்தவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி நாள்காட்டி ஓவியத்தில் ஒரு சீடர் பரம்பரையையே உருவாக்கியவர். படத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்து இருக்கும். நாம் சூடம் காட்டினோம், கும்பிட்டோம். அந்த ஓரத்தைப் படித்தவர் எத்தனை பேர்? ஆனாலும் கையெழுத்து இருந்ததால்தான் இன்று யார் வரைந்தது என்று சொல்ல முடிகிறது. அலைபேசித் திரையில் படம் போடும் நம்மில் பாதிப் பேர் அந்த ஓரத்தைக்கூட வெறுமையாக விடுகிறோம்.

கையெழுத்தைவிட முக்கியமானது சட்டம். ஓவியப் பாடத்தில் யாரும் இதைச் சொல்லித் தந்து நான் கேட்டதில்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 50 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 26-வது பிரிவைப் படியுங்கள். ஒருவர் கேட்டு நீங்கள் வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பதிப்புரிமை கேட்டவருக்குப் போய்விடுகிறது. ஓர் உணவகத்துக்குச் சின்னம் வரைகிறீர்கள்; அவர் அதைச் சட்டையில், பையில், பத்துக் கிளைகளின் பலகையில் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் எதுவும் கேட்க முடியாது. “பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், இந்த ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி” என்று முன்கூட்டியே எழுதி இருவரும் ஒப்புக்கொண்டால் நிலைமை மாறும். ஒரு பக்கம் போதும். வேலை தொடங்கும் முன் அது எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவு செய்துகொள்வதும் பெரிய காரியம் இல்லை. எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் தொழில் பதிவு ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. பள்ளியோ நிறுவனமோ உங்களுக்குப் பணம் தர விரும்பினாலும், பதிவு எண் போட்ட பில் இல்லாவிட்டால் அவர்களின் கணக்குப் பிரிவு கையை விரித்துவிடும்.

விளம்பரத்துக்கு நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக வந்த நமக்குக் குறைந்தது மூன்று மொழிகளில் எழுத வரும். இருந்தும் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு சொல், ஒரு பூ எமோஜி. பால்மரக் காட்டில் தலைவிளக்குடன் நிற்கும் பாட்டியை வரைந்தால், அது என்ன விளக்கு, ஏன் விடியுமுன் பால் வெட்டினார்கள் என்று மலாயிலும் எழுதுங்கள். சிரம்பானில் இருக்கும் மலாய்க்காரருக்கோ சீனருக்கோ அந்தக் கதை புதிது. வாங்குபவர் நம் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

“ஏஐ-யில் போட்டால் இரண்டு நிமிடத்தில் படம் வருகிறதே” என்பார்கள். வரட்டும். லின்சம் தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்குத் தன் லயத்து வாசல் எப்படி இருந்தது என்று தெரியும். அந்த வாசலைக் கேட்டு வருபவர்தான் நம் வாடிக்கையாளர். இரண்டு நிமிடப் படம் போதும் என்பவர் முன்பும் நமக்குக் காசு தந்ததில்லை.

கடைசியாக, இருப்பதிலேயே கடினமானது: மாமாவிடம் எப்படிக் காசு கேட்பது? வெளியாரிடம் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடலாம். உறவில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஆலயத்துக்கு உபயமாக வரைவதும் நம் விருப்பம். ஆனால் அவர்களுக்கும் ஒரு பில் எழுதுங்கள். உருவப்படம், ஏ3, 12 மணி நேரம், 138 வெள்ளி. அடுத்த வரியில், உறவுத் தள்ளுபடி 138 வெள்ளி. கடைசி வரியில், செலுத்த வேண்டியது 0. படத்தோடு அந்தத் தாளையும் மடித்துக் கொடுங்கள். மாமா முதலில் சிரிப்பார். பிறகு அந்த நடு வரியை இன்னொரு முறை படிப்பார்.